நாளைக்கு வாரேன் என்று சொன்ன மதினி

செய்தி வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு வேலை. மரக்கட்டை ஏற்றி வந்த கப்பல் ஒன்று வெளியே நங்கூரம் போட்டு நின்றது. அதற்கு இடம் கேட்டு ஒரு போனில் மன்றாடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு போன் அடித்தது. அண்ணன் மகள் அனிதா. "அத்தை, அம்மா போயிட்டா" என்றாள்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகள் விழ ஆரம்பித்தன. மாதக்கணக்கில் மதினி படுக்கையில் கிடந்தபோது ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காத கைகள். சிங்கப்பூரில் இருந்து ஒரு கை, சென்னையில் இருந்து ஒரு கை, பக்கத்துத் தெருவில் இருந்தே நாலைந்து கை. பக்கத்துத் தெருக்காரர்களுக்கு நடந்து வருவதைவிடப் பொம்மை அனுப்புவது சுலபமாக இருந்திருக்கிறது.

மத்தியானத்துக்குள் தெருமுனையில் பேனர் ஏறிவிட்டது. "அன்பின் திருவுருவே, புன்னகை அரசியே" என்று போட்டிருந்தார்கள். வாக்காளர் அட்டையில் இருந்த படத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் வெள்ளையடித்து, உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துச் சிரிக்க வைத்திருந்தார்கள். மதினி சிரித்து நான் பார்த்தது குறைவு. பார்த்ததிலும் பாதி ஏளனச் சிரிப்பு. படத்துக்குக் கீழே, அதைவிடப் பெரிதாக, எங்கள் பெரியப்பா மகன் செல்வராஜ் அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் கைகூப்பி நின்றார். தேங்காய் வாங்க வந்த ஒருவர் பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "செல்வராஜ் அண்ணாச்சியா போயிட்டாவ?" என்று கடையில் விசாரித்தாராம். மதினி இருந்திருந்தால் அந்த ஆளை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்திருப்பார்.

அந்தப் பேனரைப் பார்த்து மதினியைத் தெரிந்துகொண்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரை நேரில் தெரிந்தவர்களுக்கு இது தேவையில்லை. படித்தால் அவர்களுக்கும் ஆறுதலாக இருக்கலாம்.

ஜெயக்கனி என்பது அவர் பெயர். உடன்குடிப் பக்கம் பிறந்து, என் அண்ணன் தங்கராஜுக்கு வாழ்க்கைப்பட்டு தூத்துக்குடிக்கு வந்தவர். அண்ணனுக்கு மீன்பிடித் துறைமுகம் போகும் வழியில் படகுக்காரர்களுக்குக் கயிறும் வலையும் மிதவையும் விற்கும் கடை. கல்யாணத்துக்கு மறுநாள் பரிசுப் பொருள்களைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றன்பின் ஒன்றாகச் சுவர்க் கடிகாரங்களாகவே வந்துகொண்டிருந்தன. புதுப்பெண் என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லாமல், "இந்த வீட்டுல யாருக்கும் நேரங்காலம் தெரியாதுன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு போலுக்கு" என்றார் மதினி. என் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மதினிக்கு இரக்கம் என்று தனியாக ஒன்று கிடையாது. இருந்ததெல்லாம் எரிச்சல்தான். ஒருவன் பசியோடு நின்றால் அவனைப் பட்டினி போட்டவர்கள் மேல் எரிச்சல் வரும். அந்த எரிச்சலிலேயே சோறு போடுவார். போடும்போதும் திட்டுவார். வாங்கித் தின்பவன் தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு தலைகுனிந்து தின்பான். இவர் விளக்கம் சொல்ல மாட்டார்.

அண்ணன் கடையில் கயிறு அளந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து விழுந்து இறந்தார். அனிதா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். துட்டிக்கு வந்த கூட்டம் தெருவை அடைத்தது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டைத் துட்டி வீடு என்போம். வந்தவர்கள் எல்லோரும் மதினியிடம், எப்படி விழுந்தார், எந்தப் பக்கம் விழுந்தார், கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள். சினிமா ஆரம்பித்த பிறகு உள்ளே வந்தவர்கள் கதை கேட்பதுபோலக் கேட்டார்கள். பிறகு வழக்கப்படி, ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனார்கள்.

இந்த வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துட்டி வீட்டில் யாரும் விடைபெற மாட்டார்கள். மற்ற வீடுகளில் "வாரேன்" என்று சொல்லாமல் படியிறங்கினால் மரியாதை இல்லை. துட்டி வீட்டில் சொன்னால்தான் குற்றம். அந்த வார்த்தையைச் சொன்னால் இன்னொரு சாவுக்கு அதே வீட்டுக்கு வரவேண்டியதாகிவிடும் என்று பயம். அதனால் சத்தமில்லாமல் எழுந்து, செருப்பைத் தேடி, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுவார்கள். எங்கள் உறவுக்காரர்கள் இந்த ஒரு வழக்கத்தை மட்டும் பிசகாமல் காப்பாற்றி வருகிறார்கள். இவர்களுக்கு வசதியான வழக்கம் வேறு எது இருக்கிறது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. நான் போனேன், ஆனால் நான் வீட்டு மனுஷி, என்னைச் சேர்க்கக் கூடாது. ஒருநாள் மதினி கடையைத் திறந்துவைத்து, நைலான் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "ஏளா விஜயா, அன்னைக்கு செருப்பு வைக்க இடம் இல்ல. இன்னைக்கு என்னைத் தூரத்துல கண்டாலே ரோட்டுக்கு அந்தப் பக்கம் தாண்டிப் போறாவ. சொல்லாம போனாவல்லா, அதான் திரும்பி வர வழி தெரியல."

அழவில்லை. அழுதிருந்தால் நான் தேற்றியிருப்பேன். அவர் முகத்தில் இருந்தது சுத்தமான அருவருப்பு. அதைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை.

ஒரு வருஷம் கழித்து செல்வராஜ் அண்ணாச்சியின் அம்மா, எங்கள் பெரியம்மா, காலமானார். பெரிய வீடு, பெரிய கூட்டம், பந்தலில் மின்விசிறிகூட வைத்திருந்தார்கள். மதினி போய் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார். வாசல்படியில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "அப்ப நாளைக்கு வாரேன்" என்றார்.

செல்வராஜ் அண்ணாச்சி ஓடி வந்தார். "ஏம்மா ஜெயக்கனி, துட்டி வீட்டுல சொல்லிட்டுப் போவலாமா? உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அத்தான். சொல்லாம போனவுக ஒருத்தரும் எங்க வீட்டுக்குத் திரும்பி வரல. சொல்லிட்டுப் போனா வாராவளான்னு பாக்கேன்."

மறுநாள் போனார். செல்வராஜ் அண்ணாச்சி பேனர் அடிக்கப் போயிருந்தார். மருமகள்கள் மாடியில் இருந்தார்கள். பெரியப்பா மட்டும் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், யாரோ வைத்துவிட்டுப் போன டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் அவரிடம் பெரியம்மா தெய்வம், பெரியம்மா மகராசி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மதினி பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை வைக்கிற ரசம் எனக்குப் பிடிக்காது மாமா" என்றார். பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். "ரசமா அது? வெந்நீரு. காலம் பூரா வெந்நீரத்தான் ஊத்துனா" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பெரியம்மாவின் ரசம், பிடிவாதம், குறட்டை, கோயிலுக்குப் போனால் திரும்பி வராத வழக்கம் என்று எல்லாவற்றையும் திட்டினார். "திட்டுங்க மாமா, நான் ஒருத்திதான் இருக்கேன்" என்று மதினி இடையிடையே எடுத்துக் கொடுத்தார். திட்டிக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் வாய்விட்டு அழுதார். அதுவரை அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை என்று சொன்னார்கள்.

அதன்பிறகு மதினிக்கு இதுவே வேலையாகிவிட்டது. கடைக்கு வருகிற படகுக்காரர்கள், லாரிக்காரர்கள், சொந்தக்காரர்கள், யார் வீட்டில் துட்டி என்றாலும் போவார். மணப்பாட்டுக்குக்கூட பஸ் பிடித்துப் போயிருக்கிறார். எழும்போது படியில் நின்று சத்தமாகச் சொல்வார். சொன்னபடி மறுநாள் போவார். காரியம் முடிந்து எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, அந்த வீட்டில் மீன் சேர்க்கலாம் என்று ஆனதும், திரேஸ்புரத்தில் சாளை மீன் வாங்கி பனையோலையில் முடைந்த ஒரு கொட்டான் பெட்டியில் போட்டு எடுத்துப் போவார். கொட்டானுக்குக் கடையில் மிச்சமாகும் நீல நைலான் கயிற்றில், தூக்கிப் பிடிக்கக் காது கட்டியிருப்பார். நேரே அடுப்படிக்குப் போய், "சட்டி எங்க இருக்கு? எந்திரி" என்பார். மீன் சரியில்லை, மீன்காரி ஏமாற்றிவிட்டாள், உங்கள் வீட்டுக் கத்தி மழுங்கல் என்று வைதுகொண்டே கழுவுவார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "காலம் ஆத்தும்னு சொல்லுதவன நாலு நாள் துட்டி வீட்டுல உக்கார வைக்கணும்" என்பார்.

வந்தது வினை மாப்பிள்ளையூரணியில். உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர், எங்கள் கடையில் தார்ப்பாய் கட்டக் கயிறு வாங்குபவர், விபத்தில் இறந்துபோனார். அவர் மனைவி பேச்சியம்மாள். சின்ன வயது. மதினி போனார், வழக்கம்போல வாசலில் சொன்னார். மறுநாளும் போனார். அந்த வாரமே அதே வீட்டில் பேச்சியம்மாளின் மாமியாருக்குப் பாட்டி முறையில் ஒரு கிழவி இறந்துபோனார். கிழவி தொண்ணூறைத் தாண்டியவர். வருஷக்கணக்காக எழுந்து உட்கார்ந்தது கிடையாது. அவரை எமன் கூப்பிட்டுப் போக எங்கள் மதினி வாய் திறக்கவேண்டியிருந்ததாம்!

பேச்சியம்மாளின் கொழுந்தன்தான் அந்த வீட்டில் எல்லாம். அவன் மதினியைத் தெருவிலேயே மறித்து, "இன்னொரு தடவ இந்தப் படி ஏறுன, மரியாத கெட்டுரும்" என்று கத்தி, கதவைச் சாத்தினான். பேச்சியம்மாள் உள்ளேதான் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செல்வராஜ் அண்ணாச்சிக்கு இது போதாதா? எங்கள் உறவின்முறைச் சங்கத்தின் துணைத்தலைவர் அவர். "துக்க வீடுகளில் முன்னோர் மரபைக் கடைப்பிடிக்கவும்" என்று வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லாமல் போட்டார். உடனே கட்டைவிரல்கள் எழும்பின. அன்றிலிருந்து சாவுச் செய்தி எங்கள் மதினிக்கு மட்டும் வராது. படித்தவர்கள், பொறியாளர்கள், ஒரு பல் டாக்டர் உட்பட எல்லோரும் பயந்தார்கள். இவர்கள் காசு கட்டிப் படித்த படிப்பெல்லாம் எந்தக் கடலில் கரைந்தது என்று தெரியவில்லை.

"சாவுக்கு என் வாயா டிக்கெட்டு கிழிச்சுக் குடுக்கு?" என்று கேட்டுவிட்டு மதினி போய்க்கொண்டுதான் இருந்தார். சேதி தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போனார். மாப்பிள்ளையூரணிக்கும் போனார். கதவு திறக்காது. வெளியே நின்று, சாத்திய கதவிடம், "நாளைக்கு வாரேன்" என்பார். கொட்டானைச் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டுத் திரும்புவார். நான் ஒருநாள் கோபமாகவே கேட்டேன்: "அந்த மீனப் பூனதான் திங்கும். எதுக்கு மதினி இந்த மானங்கெட்ட வேலை?" அதற்கு அவர், "பூனைக்கும் பசிக்கும்லா" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தத் திருப்பலின் அர்த்தம் அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. புற்றுநோய். எழுந்து நடக்க முடியவில்லை. ஒரு சாயங்காலம் நான் கால் பிடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "ஏளா, அந்தப் பேச்சி புள்ள நெசமாவே நம்பிட்டாளோ?"

"எத மதினி?"

"நான் சொல்லித்தான் அந்தக் கெழவி செத்துச்சுன்னு."

ஊரே சொன்னபோது உதட்டைச் சுழித்தவர். செல்வராஜ் அண்ணாச்சியைக் கால்தூசிக்கு மதித்ததில்லை. ஆனால் இந்த ஒருத்தி நம்பினாளா இல்லையா என்பது அவரை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. புருஷனைப் பறிகொடுத்தவள், தனக்கு நேர்ந்ததே நேர்ந்தவள், அவள் நம்பிவிட்டால் இத்தனை வருஷம் வீடு வீடாகப் போனதற்கு என்ன பொருள்? "அவ நம்ப மாட்டா மதினி" என்றேன். "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார். எனக்குத் தெரியாதுதான். அதன்பிறகு வாசலில் சத்தம் கேட்டால் கண்ணைத் திறந்து, "பேச்சியா?" என்பார். பேச்சி வரவில்லை. பதில் தெரியாமலேயே மதினி போனார். எனக்கு அதைப்போல வலித்தது வேறொன்றும் இல்லை.

சாவு வீட்டில் செல்வராஜ் அண்ணாச்சி மைக் கட்டியிருந்தார். "இழப்பு என்பது முடிவல்ல, வளர்ச்சியின் தொடக்கம். கணவரை இழந்த சோகத்தில் தன்னைத் தானே செதுக்கிக்கொண்ட சிற்பம் இவர். இவர் விட்டுச்சென்ற பாரம்பரியத்தை நாம் காக்க வேண்டும்" என்று பேசினார். எந்தப் பாரம்பரியத்தை வாட்ஸ்அப்பில் தடை செய்தாரோ அதைத்தான் காக்கச் சொன்னார். பந்தலில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அண்ணன் சாவு மதினியை வளர்க்கவில்லை. சாவு யாரையும் வளர்ப்பதில்லை, அது ஆளைக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். திரும்பி வராத இந்த மனிதர்களைப் பார்த்து அவருக்கு வந்த வெறுப்பு இருக்கிறதே, இவர்களைப் போல மட்டும் நான் இருக்க மாட்டேன் என்ற வீம்பு, அதுதான் அவரை அத்தனை வீடுகளுக்கு நடக்க வைத்தது.

அந்தப் பேச்சுக்கு நடுவில் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண்ணாடிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்றாள். பேச்சியம்மாள். மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனிதாவின் தோளைத் தொட்டு, சத்தமாக, "நாளைக்கு வாரேன்மா" என்றாள்.

செல்வராஜ் அண்ணாச்சி மைக்கை அணைக்க மறந்துவிட்டார். "ஏம்மா, துட்டி வீட்டுல அப்படிச் சொல்லக் கூடாது" என்று அவர் பதறியது தெருவெல்லாம் கேட்டது.

"சொல்லாம போனவுகள நானும் பாத்துட்டேன் அண்ணாச்சி. எங்க வீட்டுல சொல்லிட்டுப் போனவுக ஒருத்தவுகதான் திரும்பி வந்தாவ" என்றாள் பேச்சி. மைக்கில் அண்ணாச்சி மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

அவள் மறுநாள் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். பதினாறு முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் கும்பிடும் கைகளோடு கரைந்துபோன பிறகு, நேற்றுக் காலையில் மீனோடு வந்தாள். மீன் இருந்தது ஓர் ஓலைக்கொட்டானில். அதன் காது நீல நைலான் கயிறு. அனிதா அதைக் கையில் வாங்கி முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது அம்மா கட்டுனதுல்லா" என்றாள்.

"ஆமா. வீட்டுல இன்னும் இருக்கு" என்ற பேச்சி என்னைப் பார்த்துத் திரும்பினாள். "சொவத்துல வச்ச மீனப் பூன தின்னுருக்கும்னு நெனச்சிருப்பிய, ஒரு நாளும் பூன திங்கலக்கா. கொழுந்தன் வெளிய போனதும் நான்தான் எடுத்துக் கொழம்பு வைப்பேன். கதவத் தொறக்கத்தான் எனக்குத் தைரியம் இல்ல. படுத்துட்டாவன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல. மீன் வரலைன்னதும் எம்மேல வெறுத்துட்டாவளோன்னு நெனச்சேன்."

"அந்தக் கெழவி செத்தது..." என்று ஆரம்பித்தேன்.

"அது எப்ப போவும்னு அந்த வீடே காத்துக்கிட்டு இருந்துச்சு" என்றாள் பேச்சி. "ஒங்க மதினி மேல பழி போட வசதியாப் போச்சு."

மதினியின் கட்டில் காலியாக இருந்தது. அதிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுப்படியில் பேச்சி மீன் கழுவினாள். அனிதா மழுங்கல் கத்தியைத் தேடி எடுத்துக் கொடுத்தவள், பக்கத்தில் நின்று திடீரென்று அம்மாவைத் திட்ட ஆரம்பித்தாள். வலிக்கிறது என்று ஆரம்பத்திலேயே சொல்லாததற்கு, ஆஸ்பத்திரி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்ததற்கு, நல்ல சேலையை எல்லாம் பெட்டியிலேயே வைத்துப் பூட்டியதற்கு. நானும் பேச்சியும் அவளைத் தடுக்கவில்லை. குழம்பு கொதிக்கும்வரை திட்டினாள். பிறகு பேச்சியின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மதினி, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். பேச்சி நம்பவில்லை. நீங்கள் வைத்த மீனை எல்லாம் சாப்பிட்டிருக்கிறாள். சாளை நன்றாகத்தான் இருந்ததாம், நீங்கள் மீன்காரியை வைதது அநியாயம். நிம்மதியாகப் போய்ச் சேருங்கள். அங்கேயாவது யாராவது உங்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்காமல் இருக்கட்டும்.

நேற்று நான் புறப்படும்போது செல்வராஜ் அண்ணாச்சி யாருடனோ பேசிக்கொண்டு தெருவில் போய்க்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கட்டும் என்றே வாசல்படியில் நின்று, "அனிதா, நாளைக்கு வாரேன்" என்று கத்தினேன். "வரும்போது மீன் வாங்கிட்டு வாரேன்."

"ஒண்ணும் வேண்டாம் அத்தை, ஒங்களுக்கு மீன் பாத்து வாங்கத் தெரியாது" என்றாள் உள்ளேயிருந்து. அப்படியே உங்கள் குரல், மதினி.